ஆயிரம் வருஷத்து ஏணி

நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, வாயாலேயே குகைக்குள் புகுந்து பூதத்தைக் கொல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இதை 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். இதற்கு கேம் மாஸ்டர் என்று ஒருவர் வேண்டும். பூதம் எங்கே ஒளிந்திருக்கிறது, கதவு திறக்குமா, நீ செத்தாயா பிழைத்தாயா எல்லாமே அவர் வாக்கு.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இந்த ஆசை வந்தது. மாஸ்டராகும் ஆசை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்வதை நாலு பேர் குறுக்கே பேசாமல் கேட்கும் இடம் வேறெங்கும் எனக்கு அமையவில்லை. ஆபீஸில் மூன்று பேரைப் பிடித்தேன். முதல் ஞாயிறு ஒருவருக்குக் கிரகப்பிரவேசம். அடுத்த ஞாயிறு இன்னொருவர் வீட்டில் காதுகுத்து. மூன்றாவது ஞாயிறு எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வந்துவிட்டது. ஆறு மாதம் காத்திருந்ததில் என் பூதம் மூப்படைந்தே செத்திருக்கும்.

அப்புறம்தான் மாஸ்டரே இல்லாத வகை இருப்பது தெரிந்தது. 2009-இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் கொண்டுவந்த 'ஃபியாஸ்கோ' அப்படிப்பட்டது. மூன்று முதல் ஐந்து பேர் ஆடலாம். ஆசை நிறைய, புத்தி கொஞ்சம் என்கிற ஆட்கள் ஏதோ திருட்டு வேலையில் இறங்கிச் சீரழியும் கதை. உங்கள் முறை வந்தால் காட்சியைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் அது நல்லபடி முடியுமா கெட்டுப்போகுமா என்று தீர்மானிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. விட்டதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல முடிவுக்கு வெள்ளைப் பகடை, கெட்டதற்குக் கறுப்பு.

அத்தை, மனைவி, மகள், நான் என்று கூடத்தில் உட்கார்ந்தோம். அத்தைக்கு விதி ஒன்றும் பிடிபடவில்லை. கறுப்புப் பகடை எது என்பது மட்டும் முதல் நிமிஷத்திலேயே பிடிபட்டுவிட்டது. நான் எந்தக் காட்சியைத் தொடங்கினாலும், "மாப்பிள்ளை மாட்டிக்கிட்டாரு" என்று அதை எடுத்து என் முன்னால் வைத்தார். மகள் கைதட்டினாள்.

ஆகவே தனியாக ஆடுவதென்று முடிவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1975-லேயே கைகாக்ஸ் தனியாளாகக் குகைக்குள் போவதற்கு விதிகள் எழுதிவிட்டார். நம் பல்லாங்குழியிலும் ஒற்றையாள் ஆட்டம் உண்டு; அசோகவனத்தில் சீதை ஆடியதாகச் சொல்லி அதற்குச் சீதைப்பாண்டி என்றே பெயர். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவங்களைக் கடத்திட்டுப் போய் வெச்சிருந்தாங்க. உங்களுக்கு என்ன?" என்றாள்.

தனியாட்டத்தில் மாஸ்டருக்குப் பதிலாகக் குறி கேட்க வேண்டும். ஆமா இல்லையா என்று ஒரு கேள்வி. நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நாமே ஒரு மதிப்பு. பகடை உருட்டினால் பதில். 'மித்திக்' என்ற நூல் 2003-லிருந்து இந்த வழியைக் கற்றுத் தருகிறது. கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற அதே சங்கதிதான். சிக்கலும் அங்கேதான். நினைத்த பூ வரும்வரை கட்டிப் பார்க்கிற வம்சம் என்னுடையது. கதவு பூட்டியிருக்கிறதா? ஆமாம். பூட்டு துருப்பிடித்ததா? இல்லை. பகடை பாயின் ஓரத்தில் இடித்துக்கொண்டதால் அது செல்லாது. மறுபடி உருட்டினேன், இல்லை. அப்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு உருட்டினேன். துருப்பிடித்த பூட்டுதான்.

கேட்க ஆளில்லாததால் மூன்றே நாளில் ராஜாவாகிவிட்டேன். நாலாம் நாள் அலுத்துவிட்டது.

அதனால் ஏமாற்ற வழியில்லாத ஆட்டமாகத் தேடி, டிம் ஹட்சிங்ஸ் எழுதிய 'தௌசண்ட் இயர் ஓல்ட் வேம்பயர்' பிடித்தேன். சாகாத ரத்தக்காட்டேரி ஒன்றின் கதையை நோட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். பத்து முகப் பகடையில் விழுந்ததிலிருந்து ஆறு முகப் பகடையில் விழுந்ததைக் கழித்தால், அத்தனை கேள்வி முன்னாலோ பின்னாலோ தள்ளிப் போய் அங்குள்ளதற்குப் பதில் எழுத வேண்டும். பத்து முகப் பகடை எங்கள் பக்கத்துக் கடையில் கிடையாது. ஒன்றிலிருந்து பத்துவரை சீட்டு எழுதி, காலிப் பெருங்காய டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். என் காட்டேரியின் வாழ்க்கை முழுக்கப் பெருங்காய வாசனை.

இந்த ஆட்டத்தின் குரூரம் நினைவுகளில்தான் இருக்கிறது. காட்டேரியின் மண்டையில் ஐந்து நினைவுகளுக்குத்தான் இடம். ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவம். ஆறாவது வந்தால் பழையது ஒன்றை அடித்துவிட வேண்டும். நாட்குறிப்பில் நாலைப் பதுக்கலாம், அந்த நாட்குறிப்பும் தொலைந்து போகலாம். என் காட்டேரி வெனிஸ் நகரத்து வியாபாரி. அம்மாவின் பாட்டை அடித்தேன். சொந்த ஊரின் பெயரை அடித்தேன். கட்டிய மனைவியின் முகத்தை அடித்தபோது பேனா கொஞ்சம் நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. முந்நூறு வருஷம் கழித்தும் ஒரு வரியை மட்டும் தொடவில்லை: 'மச்சினன் மார்கோ படகை இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தரவில்லை.'

நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் தப்பு.

"ஏங்க, இந்த மார்கோ எங்க அண்ணன்தானே?"

"மார்கோ வெனிஸ்காரன்."

"பெத்த அம்மாவை அடிச்சிட்டீங்க. பொண்டாட்டி மொகத்தை அடிச்சிட்டீங்க. ஆயிரம் வருஷம் ஆனாலும் அந்த ஏணியை மறக்க மாட்டீங்களா?"

அலுமினிய ஏணி, எட்டடி. வெள்ளையடிக்க இரண்டு நாள் வேண்டும் என்று மச்சான் வாங்கிப் போனது. வாங்கிய கடை, விலை, பேரம் பேசிக் குறைத்த தொகை எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்ல வாயெடுத்தேன்.

"அதை அண்ணன் போன ஆடியிலேயே கொண்டுவந்து வெச்சிட்டாரு. பொங்கலுக்கு அதுல ஏறித்தான் நீங்க ஒட்டடை அடிச்சீங்க."

இந்த நினைவை எப்போது அடித்தேன் என்று தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மேல்படியில் ஒட்டடையும் இருக்கிறது.