ஹீட்டர் ராடு விசாரணை

நித்தியம் எது, அநித்தியம் எது என்று ஆராய்ந்து நூல்கள் பல செய்துவைத்த நம் பெரியோர், மார்கழி மாதத்து விடியற்காலையில் வாளிக்குள் தொங்கும் ஹீட்டர் ராடு நேற்றுச் சுடவைத்த வேகத்தில் இன்று ஏன் சுடவைக்கவில்லை என்னும் கேள்வியைத் தொடாமலே சென்றுவிட்டார்கள். அக்காலத்தில் ராடு இல்லாமையால் இக்குறையை அவர்கள்மேல் ஏற்றுவது தர்மமாகாது. எனினும் அவர்கள் வகுத்துத் தந்த பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் மூன்று பிரமாணங்களும் இந்த விஷயத்துக்கும் போதுமானவை என்பதே அடியேனுடைய பிரதிக்ஞை.

முதலில் ஆகமம். ராடின் கைப்பிடியில் ‘230 வோல்ட், 1500 வாட்’ என்று ஒரு வாக்கியம் பொறித்திருக்கிறது. குடும்பஸ்தர்களில் பெரும்பாலோர் இதன் பின்பாதியை மட்டும் பாராயணம் செய்து, முன்பாதியை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுகிறார்கள். பூர்வபட்சம் முழுவதும் இங்கேதான் உற்பத்தியாகிறது. “ஆயிரத்தைந்நூறு என்று போட்டிருக்கிறான், தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது; கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பது வீட்டுக்காரர் வாதம். “கடைக்காரன் என்ன செய்வான்? நாலு கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே மலிவானதை வாங்கினது யார்?” என்பது வீட்டுக்காரியின் கண்டனம். இரண்டும் பிழையே, ஆனால் இரண்டாவதில் இலக்கியச் சுவை அதிகம்.

அடுத்தது பிரத்தியட்சம். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது இதன் பாற்படும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகன்றி இந்தப் பிரமாணத்தைப் பிரயோகிப்பது உயிருக்கு ஹானி. இங்கிலாந்தில் ஹென்றி காவெண்டிஷ் என்னும் தனவந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில், மின்சாரத்தை அளக்கும் கருவி யாதொன்றும் இல்லாத நிலையில், கண்ணாடிக் குழாய்களில் உப்புநீரை நிரப்பி, அவற்றின் வழியே வந்த மின்சாரத்தைத் தம் தேகத்திலேயே வாங்கிக்கொண்டு, அதிர்ச்சியின் ஏற்றத்தாழ்வைக்கொண்டே எந்தக் குழாயில் தடை மிகுதி என்று தீர்மானித்தார். அப்படி அறிந்ததையும் அச்சிடாமல் வைத்துவிட்டுப் போனதால், அந்தக் குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்த பின்னரே உலகம் தெரிந்துகொண்டது. குளியலறையில் இப்பரம்பரையைத் தொடர வேண்டியதில்லை.

ஆகவே எஞ்சுவது அனுமானம். எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, ராடு வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்கச் சொன்னதில், மின்னழுத்தம் 215 வோல்ட், மின்னோட்டம் 6.1 ஆம்பியர் என்று வந்ததாகக் கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மின்தடை: 35.2 ஓம். முன்னதைப் பின்னதால் பெருக்கினால் திறன்: ஏறத்தாழ 1,312 வாட். “பார்த்தீர்களா, கிட்டத்தட்ட இருநூறு வாட் திருட்டு!” என்று பூர்வபட்சி இங்கே துள்ளக்கூடும். சற்றே பொறுத்து, கைப்பிடியின் வாக்கியத்தை முழுமையாக வாசித்து, 230ஐ 230ஆல் பெருக்கி 1500ஆல் வகுப்பாராயின், அவருக்குக் கிடைப்பதும் 35.3 ஓமே. வாங்கியபோது என்ன தடையோ அதுவே இன்றும் தடை. ராடு நித்தியம், வோல்ட்டேஜ் அநித்தியம். கடைக்காரர் நிரபராதி என்பது சித்தாந்தம்.

இந்த வகுத்தல் கணக்கை உலகுக்குத் தந்தவர், கொலோன் நகரப் பள்ளியொன்றில் வாத்தியாராயிருந்த கேயார்க் சீமோன் ஓம். பூட்டுச் செய்யும் கொல்லரின் புதல்வராகிய இவர் 1827இல் தம் கொள்கையைப் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் போதிய மதிப்புக் கிட்டவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. உள்ளூர்ச் சரக்குக்கு வெளியூர் முத்திரை விழுந்த பிறகே விலை ஏறும் வழக்கம் ஜெர்மனிக்கும் புறம்பானதன்று போலும்.

இனி, அழுத்தம் நூற்றுக்கு ஆறரைப் பங்குதானே குறைந்தது, திறன் மட்டும் ஏன் பன்னிரண்டரைப் பங்கு குறைய வேண்டும் என்று ஆட்சேபிக்கலாம். தடை மாறாதிருக்க, அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் கூடவே குறைகிறது; குறைந்த இரண்டையும் பெருக்குவதால் நஷ்டம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. வோல்ட்டேஜ் 180க்கு இறங்கிவிட்ட வீட்டில் இதே ராடு 919 வாட்தான் தரும். ராடின் உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி சூடேறினாலும் தன் தடையை அதிகம் மாற்றிக்கொள்ளாத ஸ்திரபுத்தி உடையதாகையால் இக்கணக்கு செல்லுபடியாகிறது. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையோ, குளிர்ந்திருக்கையில் எரியும்போதுள்ள தடையில் பத்திலொரு பங்குகூடக் காட்டாத சபலசித்தம் கொண்டது. அதைச் சாட்சிக்கு அழைக்கலாகாது.

“வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் பில்லாவது குறையுமே” என்று ஆறுதல் கொள்ளும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. இருபது லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 45 பாகைக்கு ஏற்ற வேண்டிய வெப்பம், வெளியே கசிவதை விலக்கிப் பார்த்தால், 0.47 யூனிட், வோல்ட்டேஜ் சரியாயிருந்தால் பத்தொன்பது நிமிஷத்திலும், 180ஆயிருந்தால் முப்பது நிமிஷத்திலும் அதே 0.47. காத்திருக்கும் நேரத்தில் வாளி ஆறிப்போவது தனிச் செலவு.

இவ்வளவையும் விடக் கவனத்துக்குரியது பிளக். 230 வோல்ட்டில் இந்த ராடு இழுக்கும் 6.5 ஆம்பியரை, 6 ஆம்பியர் என்று எழுதியுள்ள சிறிய பிளக் பாயிண்ட்டில், அடாப்டர் ஒன்றைச் செருகி வாங்கும் வீடுகள் அநேகம். அந்த இணைப்பு தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகிவிட்டால், ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் ஜூலின் விதிப்படி, அந்தச் சிறு இடத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 21 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் கோலே 25 வாட்தான். பிளக்கின் பின் கருத்து, ஓரத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாகக் கருகல் வாடை அடிக்கும் வீட்டார், கடைக்காரரோடு வழக்காடுவதை நிறுத்தி, அடாப்டரை வீசிவிட்டு, தகுந்த கனமுள்ள வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று போட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.