ஒரு சென்ட் கொடுத்தால் லிங்கனைச் சுடலாம்

1865 ஏப்ரல் 14, இரவு. வாஷிங்டன் ஃபோர்டு தியேட்டர். மேடையில் சிரிப்பு நாடகம், மாடத்தில் ஜனாதிபதி லிங்கன். அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவன் ஜான் வில்க்ஸ் பூத், ஊரறிந்த நடிகன், வயது 26. எந்த வசனத்துக்குக் கொட்டகை அதிரச் சிரிப்பார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. அந்தச் சிரிப்பில் வெடிச்சத்தம் அமுங்கிவிடும் என்று கணக்குப் போட்டுச் சுட்டான். சுட்டவன் வந்த வழியே நழுவியிருக்கலாம். மாட்டானே! மேடைக்குக் குதித்து, சபையைப் பார்த்து லத்தீனில் ஒரு வசனத்தை வீசிவிட்டுத்தான் ஓடினான். கொலை செய்யப் போனாலும் நடிகன் நடிகன்தான்.

லிங்கன் மறுநாள் காலை எதிர்வீட்டில் உயிரை விட்டார். ஒரே ஒரு தடவை. அது போதாது என்று முடிவு கட்டியவர் அமெரிக்க நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ்.

1963இல் கென்டக்கி மாநிலத்து ராணுவ முகாமான ஃபோர்ட் நாக்ஸில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி என்பதால் மாற்றலுக்கு மாற்றல் பெட்டி கட்டிக்கொண்டே வளர்ந்தார். ஜெர்மனியில் ஜெர்மன் பள்ளிக்கூடத்திலேயே படித்தார். பிறகு பள்ளி ஆசிரியை ஒருவர், “உனக்கு ஸ்பெல்லிங் வராது, இலக்கியம் பக்கமே போகாதே” என்கிற தோரணையில் அறிவுரை சொன்னார். பெண்ணும் நல்ல பிள்ளையாக மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் வேதியியல் படிக்கப் போனது. நல்லவேளை, சோதனைக்குழாய்கள் பிழைத்தன, இலக்கியத்துக்குத் தாவிவிட்டது.

கல்லூரி நாட்களில் அவருக்கு எழுத்து வகுப்பு எடுத்தவர் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். மற்ற மாணவர்கள் கதையை வாசித்தார்கள். இவர் கையை ஆட்டி, குரலை மாற்றி, கூத்தே கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த பால்ட்வின் நாடகம் எழுதச் சொன்னார். வகுப்பு அமைதியாக நடக்கட்டும் என்றும் சொல்லியிருக்கலாம் என்பது என் சந்தேகம்.

ஸ்பெல்லிங் பிரச்சினை என்ன ஆயிற்று? வாயில் வருகிற மாதிரியே எழுத்துகளை உடைத்து, கடித்து எழுதினார். அதற்குப் பேராசிரியர்கள் இன்று விளக்கவுரை எழுதுகிறார்கள். பாத்திரங்களின் பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, எதிரே வசனமே இல்லாமல் விடுவார். யாரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற கனத்த நேரம் அது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்பெல்’. ஆசிரியைக்கு இதைவிட மரியாதையான பதில் கிடையாது.

லிங்கனுக்கு வருவோம். ‘தி அமெரிக்கா ப்ளே’ நாடகத்தில் ஒரு கறுப்பர் குழிவெட்டி. லிங்கன் ஜாடை இருக்கிறது என்று யாரோ சொல்லப்போக, மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேஷம் கட்டக் கிளம்பிவிடுகிறார். ஒரு சென்ட் கட்டணம். துப்பாக்கியை எடு, சுடு, போ. அமெரிக்க ஒரு சென்ட் காசில் இருப்பதே லிங்கன் தலைதான் என்பதைக் கவனியுங்கள். மனிதர் பெட்டி நிறைய ஒட்டுத்தாடி வைத்திருக்கிறார். மாறுதலுக்கு மஞ்சள் தாடியும் உண்டு. வரலாற்றுக்கே மஞ்சள் தாடி ஒட்டிப் பார்க்கிற குசும்பு அது.

அதோடு ஆசை தீரவில்லை. அடுத்து ‘டாப்டாக்/அண்டர்டாக்’. மூன்றே நாளில் எழுதியதாக அம்மணியே சொல்லியிருக்கிறார். அண்ணன் பெயர் லிங்கன், தம்பி பெயர் பூத். வேடிக்கைக்காக அப்பன் வைத்த பெயர்கள். பிள்ளைகளுக்குச் சொத்து வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படியா சூனியம் வைப்பது! மூணு சீட்டில் கில்லாடியாக இருந்த அண்ணன், கூட்டாளி சுடப்பட்டதும் சீட்டைத் தொடுவதில்லை. முகத்தில் வெள்ளை அரிதாரம் பூசி, உயரத் தொப்பி வைத்து, கேளிக்கைக் கூடத்தில் லிங்கனாக உட்கார்ந்து சம்பளத்துக்குச் சுடப்படுகிறான். கடைசியில் அந்த வேலையும் போகிறது. முதலாளி மெழுகு பொம்மையை உட்கார வைத்துவிடுகிறார். சாகிற வேலைக்கும் ஆள்குறைப்பு!

2002 ஏப்ரல் 7 அன்று அது பிராட்வேயில் அரங்கேறியது. மறுநாளே புலிட்சர் பரிசு. நாடகத்துக்கான புலிட்சரைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். வேறொருவராக இருந்தால் சால்வையை மடித்துவைத்துவிட்டு ஓய்ந்திருப்பார். இவரோ அந்த நவம்பரில் தொடங்கி, தினம் ஒரு நாடகம் வீதம் ஒரு வருஷம் முழுக்க எழுதினார். பின்னர் 700க்கும் மேற்பட்ட குழுக்கள் அவற்றைப் பங்குபோட்டு நடித்தன. நியூயார்க் பப்ளிக் தியேட்டர் முன்கூடத்தில் உட்கார்ந்து இவர் எழுத, ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்ததும் உண்டு. எனக்கு யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலே பேனா நின்றுவிடும்.

இருபது வருஷம் கழித்து, 2022இல், அண்ணன் தம்பி இருவரும் மறுபடி பிராட்வே ஏறினார்கள். அடுத்த ஆண்டு சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதும் வந்தது. வாரம் எட்டுக் காட்சி என்பது அங்கே வழக்கம். வாரம் எட்டுத் தடவை பூத் சுட்டான், எட்டுத் தடவையும் லிங்கன் விழுந்தார். எட்டுத் தடவையும் எழுந்து, சுட்டவனோடு சேர்ந்து நின்று, சபைக்கு வணக்கம் போட்டார்.