பின்னச்சு வைத்தியர்

கணினியில் பந்தயக் கார் ஓட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. முதல் வளைவிலேயே கோப்பையை வாங்கிவிடத் துடித்து நாலு பேரை இடித்துத் தள்ளுகிறவர், ஸ்டீயரிங், பெடல், பந்தய இருக்கை என்று லட்சக்கணக்கில் வாங்கிப் பூட்டிவிட்டு உட்கார்ந்து ஓட்ட நேரமில்லாதவர், தோற்றால் இன்டர்நெட் இணைப்பைத் திட்டுகிறவர். இவர்கள் எல்லாரும் காலப்போக்கில் தெளிந்துவிடுவார்கள். தெளியாத ஒருவர் இருக்கிறார். 1967-ஆம் வருடத்து லோட்டஸ் 49-ஐ எடுப்பார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பாதிச் சுற்று போவார். ஏதோ ஒரு வளைவில் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொள்ள, வேலியில் போய்ச் சொருகுவார். புகை அடங்குவதற்குள் எஸ்கேப் பொத்தானைத் தட்டி, காரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்தைத் திறப்பார். டயர் காற்று, ஸ்பிரிங், பிரேக், கியர் எல்லாம் அங்கே வரிசையாகக் காத்திருக்கும். ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். நேரே பின்னச்சில் உள்ள டிஃபரன்ஷியல்தான். பவர் 60 டிகிரி, கோஸ்ட் 30 டிகிரி, கிளட்ச் பிளேட் மூன்று. அறுபதை நாற்பத்தைந்தாக்குவார். முகத்தில் ஒரு நிம்மதி படரும். கார் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை; அதற்குள் குணமாகிவிட்டது. இவரைப் பின்னச்சு வைத்தியர் என்று அழைப்பதில் தப்பில்லை. மான்செஸ்டரிலும் இருக்கிறார், மியூனிக்கிலும் இருக்கிறார், சாவ் பாவ்லோவிலும் இருக்கிறார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி இவர் கதையை முடித்துவிடுவது சுலபம். அது இவருக்குச் செய்கிற அநியாயம். கூடம் கோணலா இல்லையா என்பது ஒரு ரசமட்டத்தை வைத்தால் தெரிந்துவிடும். அந்த அம்மாள் கையும் களவுமாக மாட்டிக்கொள்வாள். நம் வைத்தியர் அவ்வளவு ஏமாளி அல்ல. ஒரு காரில் உள்ள அத்தனை உறுப்புகளிலும், குற்றத்தை நிரூபிக்கவே முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்து அதன்மேல் பழியைப் போட்டிருக்கிறார். டிஃபரன்ஷியலின் வேலை என்ன? வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது அதன் வேலை. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலில், உள்சக்கரம் பிடியிழந்தால் எஞ்சினின் உழைப்பெல்லாம் அந்தச் சக்கரத்தின் வெற்றுச் சுழற்சியில் கரைந்துபோகும். ஆகவே பந்தயக் காரில் உள்ளே சரிவுகளும் கிளட்ச் பிளேட்டுகளும் வைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கச் சரிவு பிளேட்டுகளை நெருக்கி இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். காலை எடுத்தால் மறுபக்கச் சரிவு அதையே செய்யும். முதலாவது பவர், இரண்டாவது கோஸ்ட். கோணம் சிறிதானால் பிடி இறுகும். 85 டிகிரி என்றால் ஏறக்குறையப் பிடியே இல்லை. ஆக, இந்த உறுப்புக்குச் சொந்தப் பேச்சு கிடையாது. மிதித்தால் ஒன்று சொல்லும், விட்டால் ஒன்று சொல்லும். சொல்வதெல்லாம் வலது காலின் வாக்குமூலம். இறுக்கமான அதே பவர் கோணம், அரைகுறை மிதியில் காரின் மூக்கை வளைவுக்கு வெளியே தள்ளும். முழு மிதியில் இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்து வழுக்கவிட்டு வாலை வீசும். கார் எந்தப் பக்கம் போனாலும் டிஃபரன்ஷியல்தான் காரணம் என்று சொல்லலாம். சொன்னவரை யாரும் மறுக்கவும் முடியாது.

பழைய கார் ஏன், புதிய காரில் இந்த வித்தை நடக்காதா என்று கேட்கலாம். நடக்கும், ஆனால் சோபிக்காது. புதிய பந்தயக் காரில் இறக்கை இருக்கிறது, அகல டயர் இருக்கிறது, சில வகைகளில் வழுக்கலைத் தடுக்கும் எலெக்ட்ரானிக்ஸும் இருக்கிறது. பழியைப் பத்து இடத்துக்குப் பங்கு போட வேண்டியிருக்கும். 1967-இல் கிராண்ட் பிரீ கார்களுக்கு இறக்கையே கிடையாது. அது மறு வருடம்தான் முளைத்தது. லோட்டஸ் 49 ஏறத்தாழ 500 கிலோ எடை. முதுகில் 400 குதிரைத் திறனுக்கு மேல் தரும் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின். ஜூன் 4-ஆம் தேதி ஸான்ட்வூர்ட்டில் முதன்முதலாகக் களமிறங்கி, அன்றைக்கே ஜிம் கிளார்க் கையில் ஜெயித்த கார் அது. அந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது: ஒரு குறிப்பிட்ட வேகம் வரை சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று மொத்தச் சக்தியையும் பின்சக்கரங்களில் கொட்டும். இன்றைக்கு நம் வைத்தியர் அனுபவிக்கும் அதே உபாதை. அதற்கு அந்தக் காலத்துப் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? த்ராட்டில் இணைப்பை மாற்றி, பெடலை மிதிக்கும்போது அது முதலில் மெதுவாகத் திறக்கும்படி செய்தார்கள். காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த தகராறு என்று புரிந்துகொண்டு, காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலேயே தீர்த்தார்கள். இந்தச் சரித்திரம் வைத்தியருக்கு மனப்பாடம். கேட்டால் அந்த எஞ்சினை வடிவமைத்த கீத் டக்வொர்த்திலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொல்வார். சொல்லிவிட்டுக் கோஸ்ட் கோணத்தைத் திருத்தப் போவார்.

இந்த இனத்தின் ஆதி ஊற்று 1998-இல் வந்த கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் என்ற கணினி விளையாட்டு. அமெரிக்காவின் பாபிரஸ் நிறுவனம் உருவாக்கியது. 1967 பருவத்தை மறு உயிர்ப்பித்தது. ஹோண்டாவின் பெயரைப் போட முடியாமல் முரசாமா என்று ஒரு பெயரைச் சூட்டியதைத் தவிர (கூப்பருக்கும் அதே கதிதான், அது கோவென்ட்ரி ஆனது) அது பெரிதாகச் சமரசம் செய்துகொள்ளவில்லை. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் முழுக்கப் பம்பரமாகச் சுற்றியிருப்பார்கள். அந்த நிலையில் ஒரு மனிதனின் கண்ணில் சரிவுக் கோணமும் பிளேட் எண்ணிக்கையும் பட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, பின்னால் வந்த அஸெட்டோ கோர்ஸா போன்றவற்றில் கோணத்துக்குப் பதில் சதவீதம். கோணத்தில் எண் குறைந்தால் இறுக்கம். சதவீதத்தில் எண் கூடினால் இறுக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர், பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டுவிட்டு, "இப்போதுதான் கார் சொன்ன பேச்சைக் கேட்கிறது" என்று மனம் குளிர்வதுண்டு. மருந்தை மாற்றிக் கொடுத்தும் நோயாளி தேறினால், நோய் எங்கே இருந்தது என்று யாராவது கேட்க வேண்டாமா?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவருக்கு நான்கு கோணம், கோஸ்டுக்கு நான்கு கோணம், பிளேட் ஒன்று முதல் ஆறு வரை என்று வைத்துக்கொண்டால் 96 விதமான சேர்க்கை. ஒவ்வொன்றையும் நியாயமாகப் பரிசோதிக்கப் பத்துச் சுற்றாவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் அமைப்பின் குணம் எது, அன்றைய தூக்கக்கலக்கத்தின் குணம் எது என்று பிரிக்க முடியாது. நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையம் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். 1967-இல் அங்கே கிளார்க் எடுத்த தகுதிச் சுற்று நேரம் 8 நிமிடம் 4 வினாடி சொச்சம். நம்மவரும் கிளார்க் வேகத்தில் ஓடுகிறார் என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டு, எட்டு நிமிடம் என்றே வைத்தால்கூட மொத்தம் 128 மணி நேரம். அத்தனை மணி நேரம் அந்தப் பாதையில் ஓடியவனுக்கு எந்த மரத்தடியில் பிரேக் அடிக்க வேண்டும் என்பது தூக்கத்தில்கூடத் தெரிந்துபோகும்; அப்புறம் கோணம் அறுபதானால் என்ன, நாற்பத்தைந்தானால் என்ன. வைத்தியர் அந்த அபாயத்தில் இறங்குவதில்லை. ஒரு மாற்றத்துக்கு ஒன்றரைச் சுற்று. அடுத்தடுத்த இரண்டு சுற்றில் அவர் காலே மூன்று வினாடி முன்னே பின்னே போகும்; பிளேட் ஒன்று கூடினால் கிடைப்பது வினாடியில் ஏதோ ஒரு பின்னம். அந்தப் பின்னத்தை இந்த மூன்று வினாடிக்குள் தேடுகிறார். தேடிக் கண்டும்பிடிக்கிறார்! கண்டுபிடித்ததற்குச் சாட்சி, கணினியில் அவர் சேமித்து வைத்திருக்கும் கோப்புகள்: நூர்பர்க் இறுதி, நூர்பர்க் இறுதி 2, நூர்பர்க் நிஜமான இறுதி, நூர்பர்க் நிஜமான இறுதி மழை.

டிஃபரன்ஷியல் என்பது வெறும் கட்டுக்கதையா என்று அவர் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம். இல்லவே இல்லை. 1930களில் ஆட்டோ யூனியனின் பதினாறு சிலிண்டர் கார்கள் வளைவிலிருந்து வெளிவரும்போது உள்சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன என்பதற்காகத்தான் ஃபெர்டினாண்ட் போர்ஷே ZF நிறுவனத்திடம் சொல்லி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்யவைத்தார். உண்மையான பலன் உள்ள மருந்து அது. அதனால்தான் போலி வைத்தியத்துக்கும் இவ்வளவு மரியாதை. இன்னும் வலுவான வாதம் ஒன்று உண்டு: கிரஹாம் ஹில். கிளார்க்கின் சக ஓட்டுநர், இரண்டு முறை உலக சாம்பியன், மொனாக்கோவில் ஐந்து முறை ஜெயித்தவர். காரின் அமைப்புகளை ஓயாமல் மாற்றச் சொல்லி, எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, மெக்கானிக்குகளின் உயிரை வாங்கியவர். கிளார்க்கோ, கார் கோணலாகப் போனாலும் அதற்கேற்றபடி ஓட்டிவிட்டு இறங்கிப் போகிறவர் என்று பெயர். வைத்தியர் தன்னை ஹில்லின் வாரிசு என்று சொல்லிக்கொள்வது இதனால்தான். ஆனால் ஹில்லுக்கு ஒரு கோணத்தை மாற்ற வேண்டுமென்றால் யாரோ ஒருவர் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், கை முழுக்க எண்ணெய் ஆக வேண்டும், ராத்தூக்கம் கெட வேண்டும். கேட்பதற்கு முன் மூன்று தடவை யோசித்தாக வேண்டிய நிலைமை. "நேற்று எனக்குத்தான் கால் சரியில்லையோ" என்ற சந்தேகம் அந்த மூன்று தடவையில் ஒரு தடவையாவது வந்திருக்கும். வைத்தியருக்கு ஒரு சொடுக்குப் போதும். சந்தேகம் வந்து கதவைத் தட்டுவதற்குள் கோணம் மாறிவிடுகிறது.

தரவு பார்த்துத்தானே மாற்றுகிறார் என்பார்கள். பார்க்கிறார், மெய்தான். மோடெக் மென்பொருளைத் திறந்து, ஒரு சுற்றின் வரைகோடுகளை வண்ண வண்ணமாகத் திரையில் விரிப்பார். இடது பின்சக்கரத்தின் வேகம் நீலம், வலது பின்சக்கரத்தின் வேகம் சிவப்பு. நூர்பர்க்ரிங்கின் கருசெல் என்ற இடது வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் நீலம் சிவப்பைவிட்டுத் துள்ளி எழுந்திருக்கும். "பார், உள்சக்கரம் சுற்றுகிறது" என்று விரலை வைப்பார். அதற்கு நேர் கீழே பச்சையில் ஆக்ஸிலரேட்டரின் கோடு. நல்ல ஓட்டுநரின் பச்சைக் கோடு அந்த இடத்தில் மேட்டுப் பாதைபோல மெல்ல ஏறும். இவருடையது ரம்பப் பல்: எண்பது, இருபது, நூறு, பூஜ்யம், அறுபது. நீலம் துள்ளிய ஒவ்வோர் இடத்துக்கும் கீழே பச்சையில் ஒரு குத்து இருக்கும். வைத்தியர் அந்தப் பச்சைக் கோட்டை, திரையில் இடம் போதவில்லை என்று, மறைத்து வைத்திருப்பார்.

பொழுதுபோக்குத்தானே, திருகுவதிலேயே ஒருவருக்குச் சந்தோஷம் என்றால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. திருகுவது மட்டுமே சந்தோஷமாக இருந்தால், அமைப்பை யாரும் தொடக்கூடாது என்று விதி வைத்த பந்தயங்களில் இவர் சும்மா இருக்க வேண்டும். ஐரேஸிங் போன்ற ஆன்லைன் பந்தயத் தளங்களில் அப்படிப்பட்ட பந்தயங்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே கார், ஒரே கோணம், ஒரே பிளேட். அங்கே பதினாலாவதாக வந்துவிட்டு இவர் சொல்வது: "கொடுத்த டிஃபரன்ஷியல் என் பாணிக்கு ஒத்துவரவில்லை." முன்னால் வந்த பதின்மூன்று பேருக்கும் அதே டிஃபரன்ஷியல்தான் என்பது அவருக்கு ஒரு தற்செயல். இன்னும் பின்னோக்கிப் போய், சங்கிலியில் ஓடிய ஃபிரேஸர் நாஷ் காரில் இவரை உட்காரவைத்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதில் டிஃபரன்ஷியலே கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சு. இங்கிலாந்தில் இன்றும் அதைப் பந்தயத்தில் விரட்டிக்கொண்டு வாலை வீசிச் சிரிக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள். இவர் அநேகமாக, டிஃபரன்ஷியல் இல்லாததுதான் கோளாறு என்பார்.

இத்தனையும் சொன்ன பிறகு, எதிர்க்கட்சியின் மிகப் பெரிய சாட்சியை மறைப்பது நேர்மையாகாது. இவருடைய கோப்பு பலிக்கிறது! புதிதாக வந்த ஒரு பையன், எதைத் தொடுவது என்று தெரியாமல் தடுமாறி, இவரிடம் வந்து நிற்பான். இவர் தாராள மனசுக்காரர். 'நிஜமான இறுதி'யைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். பையனுக்குக் கோஸ்ட் என்றால் என்ன, பவர் என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. மாதம் முழுக்க அதே அமைப்பில் ஓடி ஓடி, காலை எங்கே மெதுவாக எடுக்க வேண்டும் என்று பழகிவிடுவான். மாதக் கடைசியில் வைத்தியரை நாலு வினாடி முந்திவிடுவான். வைத்தியருக்கு அதில் பொறாமை துளியும் இல்லை. பையன் ஓடிய சுற்றை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, கருசெல் வந்ததும் நிறுத்திச் சொல்வார்: "கவனியுங்கள், என் கோஸ்ட் எப்படிப் பிடிக்கிறது!"