மணி கேக்கத் தெரியாத மெசின்

வாரும் மருமவனே, வாரும். நெட் கம்பெனிக்காரனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசினீராமே, தெருவே கேட்டுச்சு. பேங்கும் திறக்கலை, ஈ.பி. பில்லும் கட்ட முடியலை, 'பாதுகாப்பு இல்லை'ன்னு மெசின் மிரட்டுது, அம்புட்டுதானே?

கீழ மூலையில தேதியைப் பாத்தீரா? 2009, ஜனவரி 1! வெப்சைட்டு ஒவ்வொண்ணும் 'இன்ன தேதியில இருந்து செல்லும்'னு ஒரு சர்டிபிகேட் வச்சிருக்கும். உம்ம மெசின் கணக்குக்கு அது இன்னும் பொறக்கவே இல்லை. பொறவு எப்படித் திறக்கும்?

அம்புட்டு விலை குடுத்து வாங்கின பொட்டிக்குள்ள சி.ஆர். 2032-ன்னு 3 வோல்ட்டு பட்டன் பேட்டரி ஒண்ணு கிடக்கும். கரண்டு இல்லாத நேரத்துல மணியை ஓட்டுறது அதுதான். சில வருசத்துல செத்துப்போவும், தேதியும் பின்னால ஓடிரும். பிளக்கைப் பிடுங்கிட்டு, எழுத்து மேல தெரியுற மாதிரி புதுசை மாட்டும். பிடுங்காம கையை விட்டீருன்னா எங்க அக்காளுக்கு நான்லா பதில் சொல்லணும்.

புது பேட்டரி போட்டாலும் யோக்கியமா ஓடாது. உள்ள இருக்கிறது ஒரு துணுக்கு குவார்ட்ஸ். செகண்டுக்கு 32,768 தடவை அதிரணும். சித்திரையில ஒரு மாதிரி, மார்கழியில ஒரு மாதிரி அதிரும். நாளைக்கு ஒண்ணு ரெண்டு செகண்டு பிசகுறது சகஜம்.

உடனே கையால திருத்தக் கிளம்பாதேயும். உம்ம கைக்கடியாரத்து லட்சணத்தை உம்ம கல்யாண முகூர்த்தத்துலயே பாத்தாச்சு. செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைமுக்குப் போயி, டைம் ஸோனைச் சென்னை, கொல்கத்தான்னு இருக்கிற வரியில வையும். தானா மணி வைக்கிற பொத்தானை ஆன் பண்ணி 'சிங்க் நவ்'வை ஒரு அமுக்கு அமுக்கும்.

1985-லயே டேவிட் மில்ஸ்னு ஒரு அமெரிக்காக்காரரு மெசின் நெட்டு வழியா மணி கேட்டு வச்சுக்கிட வழி பண்ணிட்டாரு. என்.டி.பி.ன்னு பேரு. சூட்சுமத்தைக் கேளும். பயலைக் கடைக்கு அனுப்பி மணி கேட்டுவரச் சொல்லுதோம்னு வையும். 'பத்து'ன்னு அவன் வந்து சொல்லுதப்போ பத்து தாண்டியிருக்கும்லா? போயிட்டு வர 12 நிமிசம்னா, அதுல பாதியைச் சேர்த்து 10.06-ன்னு மெசின் வச்சுக்கிடும். கெட்டிக்காரத்தனந்தான். ஆனா பய 2 நிமிசத்துல ஓடிப்போயி, வாரப்ப கோலிக்குண்டு ஆடி 10 நிமிசம் ஆக்கினான்னா? 4 நிமிசம் போச்சு! நெட்டுலயும் போற பாதையும் வாற பாதையும் ஒண்ணுபோல இருக்காது. அங்க பிசகு மில்லி செகண்டுல, பயப்படாதேயும். ரொம்பக் கணக்குப் பாக்கிறவுக நாலு கடையில கேட்டு, பொய் சொல்லுத கடையைக் கழிச்சுக் கட்டிருவாக.

நம்ம நாட்டு மணிக்குப் பெரிய கடை டெல்லியில, தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்க அணுக் கடியாரம். சீசியம் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை துடிச்சாத்தான் ஒரு செகண்டு. யாரு எண்ணினதுன்னு என்னைக் கேக்காதேயும்.

பேட்டரி வாங்க டவுனுக்குத்தானே போவீரு? மாமனுக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கியாரும். பயலை அனுப்பாம நீரே போயிட்டு வாரும்.