உங்களால் முடியாதது எது?

சென்னையிலும் டெல்லியிலும் இருந்துகொண்டு கடலூர் மாவட்டத்தின் காற்றுக்கும் தண்ணீருக்கும் விதி எழுதும் பெரியவர்களே, உங்கள் வல்லமையைப் பாடாமல் இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் பொறுமை. உப்பனாற்றங்கரைக்கு 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் மக்கள் அன்று முதல் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். உங்களை எதிர்பார்த்துக் களைத்தவர்கள் தாங்களே ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, அழுகிய முட்டைக்கோஸ் வாடையா நகப்பூச்சு வாடையா என்று எழுதி வைத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004இல் அறிக்கை வந்தது. புற்றுநோய் தருபவை உட்பட இருபதுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அந்தக் காற்றில் இருந்தன. 2008இல் உங்கள் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (நீரி) ஆய்வே, இங்குள்ளவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் இயல்பைவிட 2,000 மடங்கு இருக்கலாம் என்றது. அதையும் பதறாமல் படித்தீர்கள். அந்த நிதானம் எங்களுக்கு வராது. மூச்சு விடுகிறவர்கள் நாங்கள்.

அடுத்து உங்கள் நீதி. 2010 ஜனவரியில் நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட 43 தொழில் பகுதிகளில் கடலூரையும் சேர்த்து, புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை போட்டீர்கள். கால் நூற்றாண்டாக எங்கள் மனுக்களால் ஆகாததை ஒரே தாளில் செய்தீர்கள். பிறகு செயல்திட்டம் கேட்டீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுதித் தந்தது, தடையும் விலகியது. வாளி பிடித்த கைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டப்படி, அதிகாரம் பெற்றவர்கள் முறைப்படி எடுத்த மாதிரிதானே நீதிமன்றத்தில் செல்லும்! ராத்திரி இரண்டு மணிக்கு நெடி ஏறும்போது ஊரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் அப்போது ஊரில் இல்லை. சட்டத்தை அவ்வளவு கறாராகக் காக்கிறீர்கள்.

உங்கள் வேகத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 ஊர்களைப் பெட்ரோலிய, ரசாயன முதலீட்டு மண்டலமாக அறிவித்தீர்கள். ஊர்கள் எதிர்த்தன. 2020இல் அதைக் கைவிட்டு, குமராட்சி, பரங்கிப்பேட்டை, கீரப்பாளையம், மேல்புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்த்தீர்கள். ஏற்கெனவே நடக்கும் தொழில்களுக்கு அந்தச் சட்டத்தால் ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொண்டீர்கள். 2023 மார்ச் இறுதியில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள நிலக்கரிப் பகுதி ஏலப் பட்டியலில் வந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 8ஆம் தேதி பட்டியலிலிருந்து நீக்கம். நான்கே நாள்! அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. நாளேடுகளில் அந்தப் படத்தைப் பார்த்து உயர் நீதிமன்ற நீதிபதியே வேதனைப்பட்டார். அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்க அந்த வேகத்துக்கு நேரமில்லை.

சேர்ந்து செய்யவும் உங்களுக்குத் தெரியும். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில், வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை சதுப்புக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தது அரசேதான். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளம் விழுந்தது, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி வற்றி உப்பு ஏறியது, கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஊர்க் குழுக்கள் அமைந்தன. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது, வெண்கண்டல் தழைத்தது. 2004 ஆழிப்பேரலையில் அந்தக் காடு தன் பின்னால் இருந்த குடியிருப்புகளைக் காத்தது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறியது. மேலே இருப்பவர் இறங்கி வந்து ஊரோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குத் திறமை இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். ஒரே தாளில் புதிய ஆலைகளை நிறுத்தினீர்கள். நாலு நாளில் ஏலத்தை நிறுத்தினீர்கள். ஊரைக் கூட்டிக் காட்டையே உயிர்ப்பித்தீர்கள். அப்படியிருக்க, குடிகாட்டுக்காரர் பிடித்த காற்றுக்குச் சட்டத்தில் ஓர் இடம் தருவது உங்களுக்குப் பெரிய காரியமா? ஆலைப் புகையின் அளவை அன்றன்றே தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது? வாய்க்காலுக்கு வரைபடம் போடும் முன் வளையமாதேவி கிராமசபையைக் கேட்பது? எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் செய்து காட்டிவிட்டோம். முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இவ்வளவு செய்து காட்டிய உங்கள் புகழுக்கு அது அழகல்ல.