ஓர் உறை குறைகிறது

மாண்புமிகு மலைவாசல் சோதனைச் சாவடிப் பொறுப்பாளர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

தங்கள் சாவடியின் பெயரை நான் எழுதவில்லை. புகழ்ச்சி தங்களுக்குப் பிடிக்காது என்று கேள்வி.

போன ஞாயிறு மாலை குதிரேமுக் மலையிலிருந்து இறங்கிய என்னைத் தங்கள் ஊழியர் நிறுத்தி, பையைக் கவிழ்த்து, காலையில் எண்ணி அனுப்பிய கடலை மிட்டாய் உறைகளைத் திரும்ப எண்ணினார். ஏழு போனது, ஆறு வந்தது. மீதி ஒன்றை மிட்டாயோடு சேர்த்துக் குரங்கு பிடுங்கிக்கொண்டது என்றேன். பின்னால் நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று உரத்த குரலில் இயற்கையைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார். உறைகளுக்காகக் காலையில் கட்டிய முன்பணம் போயிற்று. பதிவேட்டில் ‘ஓர் உறை குறைவு’ என்று சிவப்பு மையில் ஏறியது.

அந்தக் கடமை உணர்ச்சிக்குத் தலைவணங்குகிறேன். அப்படிப்பட்டவர் கொஞ்சம் முன்னமே பணியில் சேர்ந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம்.

1976-இல் அந்தக் குதிரேமுக் மலைக்குப் பொதுத்துறை இரும்புத் தாது நிறுவனம் வந்தது. மலையைப் பொடித்து, நீரில் குழைத்து, 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பியது. இரும்பு போக மிஞ்சிய சகதியைத் தேக்கிவைக்க லக்யா ஓடையின் குறுக்கே ஏறத்தாழ 100 மீட்டர் உயர அணை எழும்பியது. 1987-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாயிற்று. பூங்கா பாட்டுக்குப் பூங்கா, தோண்டல் பாட்டுக்குத் தோண்டல். 2002-இல் உச்ச நீதிமன்றம் தோண்டலை நிறுத்த ஆணையிட்ட பிறகு, 2005 முடிவில்தான் எந்திரங்கள் ஓய்ந்தன.

கம்பெனி இறங்கி வந்தபோது அதன் பையைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா? எத்தனை உறை குறைந்தது? குழாயில் போன மலையில் எவ்வளவு திரும்பி வந்தது? லக்யாவில் கிடப்பதைக் கடலை மிட்டாய் உறைக் கணக்கில் எழுதப் புகுந்தால் தங்கள் பதிவேடு போதாது. சிவப்பு மைக்குத் தனி டெண்டர் விட வேண்டியிருக்கும். ஒருவேளை அதையும் குரங்குதான் செய்தது என்று நம்பிவிட்டீர்களோ?

துங்காவும் பத்ராவும் நேத்ராவதியும் பிறக்கிற மலைத்தொடர் ஐயா அது. மழைக்காலத்தில் சுரங்க மண் பத்ராவில் இறங்கியது. ஆற்றங்கரையில் உழுகிறவனுக்குத் தெரிந்தது, வழக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்தது. சுரங்கக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டவர்களை எந்த வரிசையில் நிறுத்தி வகுப்பெடுத்தீர்கள்? அத்தனை சகதியையும் மடியில் கட்டிக்கொண்டு, குப்பையைப் பற்றி என்னிடம் பேச நாக்கூசவில்லையா?

மன்னிக்க வேண்டும். ஏற்றம் அதிகம், மூச்சு வாங்கியதில் மரியாதை நழுவிவிட்டது. தங்கள் சாவடியின் தூய்மை, தங்கள் முத்திரையின் வட்ட வடிவம் எல்லாமே பாராட்டுக்குரியவை.

ஒரேயொரு விண்ணப்பம். அந்த ஊழியருக்கு உடனே பதவி உயர்வு கொடுங்கள். மலையடிவாரத்தில் வீணாகிறார். சுரங்கக் குத்தகைக் கோப்புகள் கையெழுத்தாகும் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கொரு நாற்காலி போடுங்கள். வருகிற கம்பெனி ஒவ்வொன்றிடமும் முன்பணம் கேட்கட்டும். மரம், மண், ஓடை என்று ஒவ்வொன்றாக எண்ணட்டும். எண்ணி முடியும்வரை ஒரு புல்டோசரையும் ஏறவிடமாட்டார். அந்த மனிதரின் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் கருணையை நாடும் மலையேறி