நாம, நாங்க, அவனுங்க: தேன்கனிக்கோட்டைக் கிரிக்கெட் பெஞ்சின் அரசியல், குடியேற்றம், சட்டம் குறித்த ஆய்வு

ஆய்வுக் களம்

கிரிக்கெட் பெஞ்சு என்பது டீக்கடை வாசலில் கிடக்கும் நீளப் பலகை. ஆட்ட நாட்களில் மாலை ஏழரைக்கு மேல் அதுவே சட்டமன்றம், அதுவே குடியேற்ற அலுவலகம், அதுவே அரசியல் சாசன அமர்வு. பெஞ்சு என்ற சொல் நீதிமன்றத்துக்கும் டீக்கடைக்கும் பொதுவாக அமைந்தது தற்செயல் அல்ல என்பது பலகையில் இடம் கிடைத்தவர்களின் கொள்கை. இடம் கிடைக்காமல் நின்றவர்கள் இதை ஏற்கவில்லை.

தேன்கனிக்கோட்டை ஓசூருக்குத் தெற்கே உள்ளது. மாவட்டம் கிருஷ்ணகிரி, 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. சட்டமன்றத் தொகுதி தளி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் உருது, கம்பெனியில் இந்தி என்று ஒரே ஆள் ஒரே நாளில் ஐந்தும் பேசிவிட்டுத் தூங்கப் போகும் ஊர். பெங்களூரின் சின்னசாமி மைதானம் இங்கிருந்து சில மணி நேரம். சேப்பாக்கம் போக ஓர் இரவு பஸ்ஸில் கழிய வேண்டும். ரசிகரின் நெஞ்சம் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தூரத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் பூகோளப் பேராசிரியர்கள் மட்டுமே.

ஊர்ப்பெயரில் தேன் எங்கே, கனி எங்கே, கோட்டை எங்கே என்ற ஆராய்ச்சிக்கு முதல் நாற்பது பக்கங்களை ஒதுக்குவது ஆய்வுலக மரபு. இக்கட்டுரைக்குப் பட்டம் எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பதால் அந்தப் பக்கங்கள் விடப்படுகின்றன.

மூலங்கள்

முதன்மை மூலங்கள் மூன்று. ஒன்று, பேச்சு. இரண்டு, கடைச் சுவரில் உள்ள 'இங்கு அரசியல் பேசாதீர்' என்ற எழுத்து. மூன்று, கடன் நோட்டு.

சுவர் எழுத்துக்குப் பெஞ்சு கண்ட உரை இது: 'அரசியல் பேசாதேன்னா கிரிக்கெட் பேசலாம்னு அர்த்தம். கிரிக்கெட்டுக்குள்ள அரசியல் வந்தா நாம என்ன பண்றது?' (தெற்குச் சுவர், பாய்லருக்கு நேர் மேலே; புகையால் 'தீர்' மறைந்து 'இங்கு அரசியல் பேசா' என்று மட்டும் தெரிகிறது. இதைப் பாடபேதமாகக் கொண்டு 'பேசாமல் என்ன செய்வது' என நிரப்பிக்கொள்வோரும் உண்டு.)

வகைமை

புள்ளிவிவரக்காரர் போனைப் பார்த்துப் பேசுபவர். வரலாற்றாளர் 'கவாஸ்கர் காலத்துல' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுபவர். வக்கீல் என்பவர் வக்கீல் அல்ல; ஒருமுறை நிலத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் வந்தவர். வழிப்போக்கர் ஸ்கோர் மட்டும் கேட்டுவிட்டுப் போவார், ஆய்வுக்குப் பயன்படமாட்டார்.

நாம என்னும் சொல்

பெஞ்சின் அரசியல் முழுவதும் ஒரு சொல்லில் அடங்கும். தமிழ் இலக்கணம் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்று தன்மைப் பன்மையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்னதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். இதைப் பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லாரும் வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவராவது இருபதாவது ஓவரில் டீக்கடையில் நின்றிருந்தால், இது இலக்கணம் அல்ல, குடியுரிமைச் சட்டம் என்று கண்டிருப்பார்.

சட்டத்தின் பிரிவுகள் எளியவை. அணி வென்றால் 'நாம ஜெயிச்சிட்டோம்': கேட்பவர், பக்கத்துக் கடைக்காரர், டீ மாஸ்டர் எல்லாருக்கும் உடனடிக் குடியுரிமை. எதிரணி ரசிகர் வாயைத் திறந்தால் 'நாங்க அஞ்சு கப்பு வாங்கியிருக்கோம்' (சென்னை, ஐபிஎல்: 2010, 2011, 2018, 2021, 2023): எல்லைச் சாவடி இறங்கிவிட்டது, கேட்பவர் வெளியே. தோற்றால் 'அவனுங்க சொதப்பிட்டானுங்க': மொத்த அணியும் நாடு கடத்தப்படுகிறது. ஒரே மாலையில் ஓர் அணி மூன்று நிலைகளையும் கடப்பது உண்டு. பவர்பிளேயில் குடிமகன், பதினைந்தாவது ஓவரில் வாடகைக்காரன், கடைசிப் பந்தில் அகதி. (கடன் நோட்டு, ஏடு 14, பின்புறம். 'நாம' என்று எழுதி அடித்து 'அவனுங்க' என்று மாற்றப்பட்டுள்ளது. மை வேறு, கை ஒன்று.)

சிக்கல் கன்னடத்தில் தொடங்குகிறது. இன்றைய கன்னடத்தில் இந்தப் பிரிவினை இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே 'நாவு'. ஆகவே பெங்களூரு ரசிகர் 2008 முதல் கோப்பை இல்லாமல் கடந்த 17 ஆட்டப் பருவங்களில், 'ஈ சலா கப் நம்தே' (இந்தத் தடவை கோப்பை நமதே) என்று எத்தனை முறை முழங்கினாரோ அத்தனை முறையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னை ரசிகரையும் சேர்த்துத்தான் முழங்கியிருக்கிறார். 'எங்களைக் கேக்காம எப்படி நம்தேன்னு சொல்லலாம்?' என்று தமிழ்த் தரப்பு ஆட்சேபித்தது. கன்னடத் தரப்புக்கு ஆட்சேபமே விளங்கவில்லை. அந்த மொழியில் அப்படி விலக்கிச் சொல்ல வழி இருந்தால்தானே விளங்கும்.

'நம்தே'யின் ஈற்று ஏகாரம் தனி ஆய்வுக்குரியது. தமிழில் இதைத் தேற்றேகாரம் என்பார்கள், உறுதியைக் காட்டுவது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று கோப்பை கைக்கு வந்ததும் ஏகாரம் உதிர்ந்து 'நம்து' ஆகிவிட்டது. கோப்பை இல்லாத காலம் முழுக்க இருந்த உறுதி, கோப்பை வந்த அன்று தேவைப்படவில்லை. மறுநாள் சின்னசாமி மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அன்று மாலை பெஞ்சில் எந்தத் தன்மைப் பன்மையும் பதிவாகவில்லை.

தெலுங்கில் 'மேமு', 'மனமு' என்று தமிழைப் போலவே இரண்டு உண்டு. ஆனால் ஐதராபாத் அணி சென்னை சன் குழுமத்துக்குச் சொந்தம் என்பதால் யார் மனமு, யார் மேமு என்பதில் குழப்பம் நீடிக்கிறது.

அடுத்து, குடியேற்றம். பெஞ்சின் மிகப் பெரிய கோட்பாடு இங்கேதான் உருவானது. ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனி 'தல', நாம. ராஞ்சிப் பக்கமிருந்து வந்து ஓசூர்க் கம்பெனியில் ஷிஃப்டு முடித்து அதே கடையில் டீ குடிப்பவர் 'இந்திக்காரன்', அவனுங்க. இருவரும் ஒரே மாநிலம், ஒரே மொழி. வேறுபாடு என்ன என்று கேட்டபோது பெஞ்சு சற்றும் யோசிக்காமல் விடை சொன்னது: 'அவரு ஏலத்துல வந்தாரு. இவனுங்க ரயில்ல வந்தானுங்க.'

அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு, நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அதில் ஏலம் பற்றிய குறிப்பு இல்லை. இது சாசனம் எழுதியவர்களின் விடுபடல் என்று பெஞ்சு கருதுகிறது.

விளையாடும் பதினொருவரில் நான்கு பேருக்கு மேல் வெளிநாட்டவர் கூடாது என்ற ஐபிஎல் விதியைத் தொழிற்சாலைகளுக்கும் நீட்டவேண்டும் என்பது அடுத்த முன்மொழிவு. முன்மொழிந்தவர் தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு நிர்வாகப் பணிகளில் 50, மற்றவற்றில் 70 சதவீதம் ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை நிறுத்திவைத்தது. ஒப்புதலுக்கும் நிறுத்திவைப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் நான்கு பேர் விதி சாசனத்துக்கே விரோதம் என்று பெஞ்சில் ஒருவர் முழங்கினார். அதே ஆள்தான். (கடன் நோட்டு, ஏடு 31. இங்கே டீ வட்டக்கறை இரண்டு. முதல் கறைக்குள் முன்மொழிவு, இரண்டாம் கறைக்குள் வாபஸ். கறைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் உள்ள சொல்லை 'சரி' என்று ஒரு சாராரும் 'சர்க்கரை' என்று மறுசாராரும் வாசிக்கிறார்கள். இரு சாராரும் நோட்டை நேரில் பார்க்காமல் ஒருவர் நூலிலிருந்து மற்றவர் எடுத்தாண்டதாகத் தெரிகிறது, நம் பல்கலைக்கழக மரபுப்படி.)

கோட்பாட்டை உடைத்தவர் முத்தையா முரளிதரன். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து போன குடும்ப வழியில் வந்தவர். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948-இல் இலங்கை ஒரு சட்டத்தால் இல்லாமல் ஆக்கியது. 2013-இல் ஈழத்தமிழர் பிரச்சினையை முன்வைத்து இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார், ஐபிஎல் ஏற்றுக்கொண்டது. தமிழருக்காக வந்த தடையில் தமிழர் முரளிதரனும் அடங்கினார். முன்பு சென்னை அணிக்கு ஆடிய அவர் அப்போது பெங்களூரு அணியில் இருந்தார். அவரை நாம என்பதா, நாங்க என்பதா, அவனுங்க என்பதா என்று பெஞ்சு அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறது. இலங்கைத் தேயிலை நல்லதா நீலகிரித் தேயிலை நல்லதா என்று பேச்சை மாற்றியவர் டீ மாஸ்டர்.

சட்டம்

சின்னசாமி என்று பெயர் இருப்பதால் அந்த மைதானம் தமிழருக்கே என்ற வாதம், அவர் மாண்டியாவைச் சேர்ந்த வக்கீல் என்று தெரிந்ததும் கைவிடப்பட்டது.

காவிரி வழக்கு அவ்வளவு எளிதில் கைவிடப்படுவதில்லை. தமிழ்நாட்டுக்கு வரும் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலு, அஞ்செட்டிக் காடுகளுக்கு அப்பால் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. டெல்லியில் வாதாடுகிறவர்கள் அதை வரைபடத்தில் பார்த்தவர்கள். பெஞ்சில் இருவர் அங்கே மீன் வாங்கப் போனவர்கள். எனவே பெஞ்சுக்கே அதிகாரம் கூடுதல்.

2007-இல் நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி தரச் சொன்னது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. புள்ளிவிவரக்காரர் இதை ஒரு நொடியில் மொழிபெயர்த்தார்: எதிரணி எடுத்தது 192, நாம எடுத்தது 177.25, தோல்வி 14.75 ரன் வித்தியாசத்தில். முக்கால் ரன் எப்படி வரும் என்று வரலாற்றாளர் கேட்டார். டக்வொர்த் லூயிஸ் என்று பதில் வந்தது. இதிலிருந்து பிறந்த சூத்திரம், நீர்வளத் துறையின் தடித்த அறிக்கைகளைவிடத் தெளிவானது: மழை வந்தால் டக்வொர்த் லூயிஸ், மழை வராவிட்டால் காவிரி ஆணையம்.

அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். வெளியே போராட்டம், உள்ளே செருப்பு வீச்சு. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவிரி வரவில்லை, அணி போய்விட்டது. அந்த ஆண்டு கோப்பை சென்னைக்குத்தான் வந்தது. ஊரை விட்டுப் போனால்தான் உருப்படுவார்கள் என்று பெஞ்சில் ஒரு தாய்மாமன், துபாய்க்கு விசா எடுத்துக்கொண்டிருந்த மருமகனைக் காட்டிச் சொன்னார்.

2015-இல் சென்னை அணிக்கு லோதா குழு விதித்த இரண்டாண்டுத் தடை பற்றிப் பெஞ்சு பேச மறுக்கிறது.

அமெரிக்கா

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-இல், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில், கிரிக்கெட் வாரியம் செய்வது பொதுக் கடமை என்றது. ஆட்டத்தை அவர்கள் வணிகத்திலிருந்து காப்பாற்றினார்கள், நாம் பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டோம். டிக்கெட் விலை இரண்டு நாட்டிலும் ஏறியது.

அமெரிக்கக் குடியேற்றத்துக்குப் பெஞ்சு எடுத்துக்காட்டும் ஒரே சான்று சௌரப் நேத்ரவால்கர். மும்பையில் பிறந்தவர், ஆரக்கிளில் பொறியாளர், அமெரிக்க அணியின் பந்துவீச்சாளர். 2024 ஜூன் 6 அன்று டாலஸ் அருகே சூப்பர் ஓவர் வீசிப் பாகிஸ்தானைத் தோற்கடித்தார். அன்று அவர் 'நம்ம பையன்'. ஜூன் 12 அன்று நியூயார்க்கில் கோலியை முதல் பந்திலேயே அனுப்பினார். அன்று அவர் 'அவன்'. ஆறே நாளில் விசா ரத்து. 2025 செப்டம்பரில் புதிய எச்1பி விசாவுக்கு அமெரிக்கா 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தபோது, வந்தவனை வரவிடாமல் பணம் கேட்பது அநியாயம் என்று பெஞ்சு ஒருமனதாகக் கொதித்தது. அப்போது பலகையின் ஓரத்தில் உட்காரப் பார்த்த இந்திக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

அமர்வின் முடிவு

டீ மாஸ்டர் காசு கேட்கும் நொடியில் தன்மைப் பன்மை மொத்தமும் வழக்கொழிகிறது. நாமவும் இல்லை, நாங்களும் இல்லை. 'நீ குடு, நாளைக்குப் பாக்கலாம்' என்ற முன்னிலை ஒருமை மட்டும் எஞ்சும்.

அப்படி ஓர் இரவில், தள்ளி நின்றிருந்த அந்த ஜார்க்கண்ட் தொழிலாளி 'ஹம் தேங்கே' என்றார். அவர் ஊர்ப் பேச்சில் 'ஹம்' என்றால் நான். என் டீக்கு நான் தருகிறேன் என்றார். முப்பது நாளில் இந்தி கற்ற பெஞ்சுக்கு 'ஹம்' என்றால் நாம. அதையும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையாகக் கொண்டு, எல்லாரும் எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போனார்கள். அவரிடம் அவ்வளவு சில்லறை இல்லை. மாஸ்டர் நோட்டைத் திறந்தார். பெயர் தெரியவில்லை, சட்டை மஞ்சள், முதுகில் 7.

கடன் நோட்டு, கடைசி ஏடு, முதல் வரி: 'தோனி, 6 டீ.'